பிரைவேட் எதற்கு, யாரிடமிருந்து? பண்புகளின் அணுகல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிளாஸின் பண்பை (அது வைத்திருக்கும் தரவை) வெளியே இருக்கும் நிரல் தொடலாமா என்று சொல்பவை பிரைவேட் (தொடக் கூடாது), பப்ளிக் (தொடலாம்) போன்ற சொற்கள். நிரலாக்கம் கற்றுக்கொள்பவர்களோடு பேசும்போது அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப என் முன் வரும் ஐயங்கள் இவை. ஜாவா படிப்பவர் ஒரு விதமாகக் கேட்பார், பைத்தானிலிருந்து வருபவர் வேறு விதமாகக் கேட்பார். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டு: 'விடுப்பு' என்ற கிளாஸ் (ஒரே வகை ஆப்ஜெக்ட்களுக்கான வார்ப்பு; அதிலிருந்து உருவாகும் ஒவ்வொரு விடுப்பும் ஓர் ஆப்ஜெக்ட்). தொடக்க நாள், முடிவு நாள், மொத்த நாள்கள், ஒப்புதல் தந்தவர்களின் பட்டியல் என்று அதில் நான்கு பண்புகள். முடிவு நாள் தொடக்க நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. மொத்த நாள்கள் அந்த இரண்டு நாள்களோடும் ஒத்துப்போக வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைவேட் என்று போட்டால் உண்மையில் என்னதான் நடக்கிறது?

ஜாவா, சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப் போன்ற மொழிகளில் கம்பைலர் (நிரலை இயந்திரத்துக்காக மொழிபெயர்க்கும் கருவி) ஒரு சோதனை செய்கிறது. 'விடுப்பு' கிளாஸுக்கு வெளியே எழுதப்பட்ட ஒரு வரி, பிரைவேட்டாக அறிவிக்கப்பட்ட முடிவு நாளைப் பெயர் சொல்லித் தொட்டால், அந்த வரியை ஏற்க மறுக்கிறது. நினைவகத்தில் அந்தப் பண்பு இருக்கும் இடம் மாறுவதில்லை. மறையாக்கம் எதுவும் நடப்பதில்லை.

ஆகவே இந்தக் கட்டுப்பாடு தரவின் மீது விதிக்கப்படுவதைவிட, நிரலின் வரிகள் மீது விதிக்கப்படுகிறது என்று புரிந்துகொள்வது நல்லது. 'எந்த வரிகள் இந்தப் பெயரைப் பயன்படுத்தலாம்' என்பதே கேள்வி. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் கீழே வரும் பல குழப்பங்கள் தாமாகவே தீரும்.

நான் ஒருவன் எழுதும் நிரல்தானே? என்னிடமிருந்தே நான் எதற்கு மறைக்க வேண்டும்?

ஒரு நாள் முடிவு நாள் தொடக்க நாளுக்கு முன்னால் வந்து நிற்கிறது. எங்கே தவறு நடந்தது? பண்பு எல்லோருக்கும் திறந்திருந்தால் நிரல் முழுவதையும் படித்துத் தேட வேண்டும். பிரைவேட்டாக இருந்தால் அந்த ஒரு கிளாஸைப் படித்தால் போதும். தவறைச் செய்த வரி அதற்குள்தான் இருக்க முடியும். ஒரு விதி மீறப்படவில்லை என்று உறுதி செய்ய எத்தனை வரிகளைப் படிக்க வேண்டும்? அணுகல் கட்டுப்பாட்டின் பயனை நான் இந்த ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். நிரலைத் தனியாக எழுதுபவருக்கும் இது அப்படியே பொருந்தும்.

இரண்டாவது பயன் மாற்றங்கள் வரும்போது தெரியும். 1972-இல் டேவிட் பார்னஸ் எழுதிய கட்டுரை இதைத்தான் வலியுறுத்தியது: மாறக்கூடும் என்று நாம் நினைக்கும் ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்து வை; அந்த முடிவு மாறும்போது மற்ற கூறுகள் அதை அறியவே தேவையில்லை. அன்று அவர் பேசியது கிளாஸ்களைப் பற்றி அல்ல. ஆப்ஜெக்ட் சார்ந்த மொழிகளின் முன்னோடியான சிமுலா 67 நார்வேயில் உருவானபோது அதில் அணுகல் கட்டுப்பாடே கிடையாது, பின்னர்தான் சேர்க்கப்பட்டது. கிளாஸ் என்ற கருத்தும் மறைத்தல் என்ற கருத்தும் தனித்தனியாகப் பிறந்து பிறகு சேர்ந்தவை.

கடவுச்சொல்லைப் பிரைவேட் பண்பில் வைத்தால் பாதுகாப்பாக இருக்கும் அல்லவா?

இருக்காது. தயவுசெய்து இந்த நம்பிக்கையில் எதையும் கட்ட வேண்டாம். சி பிளஸ் பிளஸில் ஒரு பாயின்டரை (நினைவக முகவரியை) வேறு வகையாக மாற்றி அந்த நினைவகத்தைப் படித்துவிடலாம். பிழைதிருத்தி எல்லாப் பண்புகளையும் காட்டும். ஜாவாவில் ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும் நிரல் தன் கிளாஸ்களையே ஆராயும் வசதி) வழியாகப் பிரைவேட் பண்பைத் திறக்க ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் எழுதிய செயல்) அழைப்பு போதும்.

ஜாவாவில் இந்த நிலை ஓரளவு மாறியிருக்கிறது. 2017-இல் வந்த ஜாவா 9, பல பேக்கேஜ்களை (கிளாஸ்களின் தொகுப்புகளை) ஒன்றாகக் கட்டும் மாட்யூல்களைக் கொண்டுவந்தது. ஒரு மாட்யூல் தன் பேக்கேஜைத் திறந்துவிடாவிட்டால், வேறு மாட்யூலில் இருக்கும் நிரல் ரிஃப்ளெக்‌ஷன் மூலமாகவும் அதன் பிரைவேட்டுக்குள் நுழைய முடியாது. ஜாவாவின் சொந்த உள்பகுதிகளுக்கு 2021-இல் ஜாவா 16 இதை இயல்பு நிலையாக்கியது. ஜாவா 17 பழையபடி தளர்த்தும் வழியையும் நீக்கியது. ஆனால் மாட்யூல் இல்லாமல் பழைய முறையில் ஓடும் உங்கள் நிரலுக்கு இந்தக் காவல் கிடையாது. பிரைவேட் தடுப்பது தவறுதலை. தீய நோக்கத்தைத் தடுக்க வேறு கருவிகள் வேண்டும்.

எல்லாப் பண்புக்கும் கெட்டர், செட்டர் எழுதச் சொல்கிறார்கள். அப்படி எழுதினால்தான் சரியான நிரலா?

கெட்டர் என்பது பண்பின் மதிப்பைத் தரும் மெத்தட்; செட்டர் அதை மாற்றும் மெத்தட். இவற்றை எல்லாப் பண்புக்கும் எழுதும் பழக்கம் பரவக் காரணம் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் வந்த ஜாவாபீன்ஸ் என்ற வரையறை, பண்பின் பெயருக்கு முன்னால் கெட், செட் சேர்த்த மெத்தட்கள் இருக்க வேண்டும் என்ற மரபை வகுத்தது. திரைகளை வடிவமைக்கும் கருவிகள் பண்புகளைத் தாமாகவே கண்டுபிடிப்பதற்காக வந்த மரபு அது. பிறகு பாடப்புத்தகங்களும் எடிட்டர்களும் அதையே எல்லாக் கிளாஸுக்குமான ஒழுங்காக்கிவிட்டன.

நம் 'விடுப்பு' கிளாஸில் தொடக்க நாளுக்கு ஒரு செட்டர், முடிவு நாளுக்கு ஒரு செட்டர் எழுதிப் பாருங்கள். ஜூன் 3 முதல் 5 வரை இருக்கும் விடுப்பை ஜூன் 10 முதல் 12 வரை மாற்ற வேண்டும். முதலில் தொடக்க நாளை 10 ஆக்கினால், அந்தக் கணத்தில் முடிவு நாள் 5. செட்டர் விதியைச் சோதித்தால் நியாயமான இந்த மாற்றத்தையே மறுத்துவிடும். சோதிக்காமல் விட்டால் செட்டர் இருந்து பயனில்லை. வரிசையை மாற்றி அழைத்தால் தப்பலாம். ஆனால் விடுப்பைப் பின்தள்ளும்போது ஒரு வரிசை, முன்தள்ளும்போது வேறு வரிசை என்று வெளியே இருப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த விதி இரண்டு பண்புகளுக்கும் பொதுவானது. ஆகவே மாற்றமும் இரண்டையும் சேர்த்தே நடக்க வேண்டும். 'காலத்தை மாற்று' என்று இரண்டு நாள்களையும் ஒன்றாக வாங்கும் ஒரே மெத்தட் இருந்தால் போதும்.

பண்புகளைப் பிரைவேட்டாக்கிவிட்டு ஒவ்வொன்றுக்கும் செட்டர் தருவது, பூட்டிய கதவின் சாவியை அதே கதவில் தொங்கவிடுவதைப் போன்றது. இரண்டாவது பதிலில் சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள்: படிக்க வேண்டிய வரிகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

சரி, இப்போதைக்கு பப்ளிக்காக வைத்துவிட்டு, தேவை வரும்போது மெத்தடாக மாற்றிக்கொள்ளக் கூடாதா?

அது மொழியைப் பொறுத்தது. இங்கேதான் மொழி வடிவமைப்பாளரின் முடிவு உங்கள் அன்றாட வேலையைத் தொடுகிறது. மொத்த நாள்களைச் சேமித்து வைத்திருந்தீர்கள். இனி அரசு விடுமுறைகளைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டும் என்கிறார்கள். ஜாவாவில் பண்பைப் படிப்பதற்கும் மெத்தடை அழைப்பதற்கும் எழுத்து வடிவம் வேறு. ஆகவே பயன்படுத்திய ஒவ்வொரு இடத்தையும் திருத்த வேண்டும். ஜாவா நிரலாளர்கள் முன்னெச்சரிக்கையாகக் கெட்டர்களை எழுதிக் குவிப்பதற்கு உண்மையான காரணம் இதுதான்.

பெர்ட்ராண்ட் மேயர் 1980-களில் வடிவமைத்த ஐஃபில் மொழி இதற்கு எதிரான நிலையை எடுத்தது: ஒரு மதிப்பு சேமிக்கப்பட்டதா, கணக்கிடப்பட்டதா என்பது பயன்படுத்துபவருக்கு எழுத்தில் தெரியக் கூடாது. சீரான அணுகல் என்று இந்தக் கொள்கைக்குப் பெயர். பைத்தானின் பிராப்பர்ட்டி (பண்பு போல எழுதப்படும், உள்ளே மெத்தடாக ஓடும்), கோட்லின், ஸ்விஃப்ட் மொழிகள் எல்லாம் இந்த வழியில் வருபவை. ஆகவே பைத்தானில் சாதாரணப் பண்பாகவே தொடங்குங்கள். பிறகு பிராப்பர்ட்டியாக மாற்றினால் வெளியே ஒரு வரியும் மாறாது. சி ஷார்ப்பில் சற்றுக் கவனம் வேண்டும்: ஃபீல்டை (மதிப்பை நேரடியாகச் சேமிக்கும் பண்பை) பிராப்பர்ட்டியாக மாற்றினால் எழுத்து வடிவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஆனால் உங்கள் நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல்களை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். ஃபீல்டை ரெஃப் ஆக (மதிப்பை அனுப்பாமல் அது இருக்கும் இடத்தையே சுட்டி) அனுப்பிய இடங்களும் உடையும்.

சீரான அணுகலுக்கு ஒரு விலையும் உண்டு. பார்வைக்குச் சாதாரணப் பண்பு போலத் தெரியும் ஒன்று, உள்ளே தரவுத்தளத்துக்குப் போய்வரலாம். ஒரு சுழற்சிக்குள் அதை ஆயிரம் முறை படித்துவிட்டு நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தேடுபவர்கள் பலர். பிராப்பர்ட்டிக்குள் கனமான வேலையை வைக்காதீர்கள். அதற்கு மெத்தட் என்ற வெளிப்படையான வடிவம் இருக்கிறது.

வெளியே இருப்பவர்கள் படிக்கலாம், எழுத மட்டும் கூடாது என்று சொல்ல முடியுமா?

முடியும். என் கருத்தில் எந்த மொழியும் முதல் நாளிலிருந்தே தர வேண்டிய வசதி இது. ஐஃபில் அப்படித்தான் தந்தது: பண்பை வெளியே காட்டினாலும் அதற்கு மதிப்பு ஒதுக்கும் உரிமை அந்தக் கிளாஸுக்கு மட்டுமே. மற்ற மொழிகள் தாமதமாக வந்தன. சி ஷார்ப்பில் கெட்டுக்கும் செட்டுக்கும் வெவ்வேறு அணுகல் தருவது 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பில் சாத்தியமானது. ஸ்விஃப்டிலும் கோட்லினிலும் செட்டை மட்டும் பிரைவேட்டாக்கலாம். பிஎச்பி இதை 2024 நவம்பரில் வெளியான 8.4-இல்தான் பெற்றது.

'ரீட்ஒன்லி', 'ஃபைனல்' ஆகியவை வேறு பொருள் கொண்டவை. அவற்றில் ஒருமுறை மதிப்பு தந்த பிறகு கிளாஸே நினைத்தாலும் மாற்ற முடியாது. நம் விடுப்பின் நாள்கள் கிளாஸுக்குள் மாற வேண்டியவை. அவற்றுக்குத் தேவை செட்டைப் பிரைவேட்டாக்குவது. விண்ணப்ப எண் ஒருபோதும் மாறக் கூடாது என்றால் ரீட்ஒன்லி.

ரீட்ஒன்லி போட்டேன், செட்டரும் இல்லை. இருந்தும் ஒப்புதல் பட்டியல் வெளியிலிருந்து மாறிவிட்டதே?

கெட்டர் பட்டியலையே கொடுத்துவிட்டது. பூட்டப்பட்டது 'இந்தப் பண்பு எந்தப் பட்டியலைச் சுட்டுகிறது' என்பது மட்டுமே. பட்டியலின் உள்ளடக்கத்தை யாரும் பூட்டவில்லை. வாங்கியவர் அதில் தன் பெயரைச் சேர்த்தால் அது உங்கள் ஆப்ஜெக்ட்டுக்குள்தான் சேரும். கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் மெத்தட்) வழியாக உள்ளே வரும் பட்டியலுக்கும் இதே ஆபத்து உண்டு: கொடுத்தவர் கையில் அதே பட்டியல் இன்னும் இருக்கிறது.

நகல் எடுத்துக் கொடுங்கள், அல்லது மாற்ற முடியாத பட்டியல் வகையைப் பயன்படுத்துங்கள். ரஸ்ட் மொழி இந்தச் சிக்கலை அணுகல் சொற்களுக்கு அப்பால் கொண்டுபோய்த் தீர்த்தது: ஒரு மதிப்பைப் பிறர் பயன்படுத்தக் கடன் கொடுக்கும்போதே படிப்பதற்கு மட்டுமா, மாற்றுவதற்குமா என்று வகையில் எழுதியாக வேண்டும். பண்பின் பெயரை மட்டும் காக்கும் மொழிகளில் இந்த ஓட்டையை நிரலாளர்தான் அடைக்க வேண்டும்.

ஒரு விடுப்பு ஆப்ஜெக்ட், இன்னொரு விடுப்பு ஆப்ஜெக்ட்டின் பிரைவேட்டைத் தொடுகிறது. கம்பைலர் விட்டுவிட்டதே, பிழையா?

பிழை இல்லை. முதல் பதிலுக்குத் திரும்புங்கள்: சோதனை வரிகளின் மீது நடக்கிறது. 'விடுப்பு' கிளாஸுக்குள் எழுதப்பட்ட வரி என்றால், எந்த விடுப்பின் பிரைவேட்டையும் அது தொடலாம். இரண்டு விடுப்புகளின் காலம் ஒன்றன் மேல் ஒன்று விழுகிறதா என்று பார்க்க இது இயல்பாக உதவுகிறது. படிக்க வேண்டிய வரிகளும் கூடவில்லை. எல்லாம் அதே கிளாஸுக்குள்தான் இருக்கின்றன.

ஆப்ஜெக்ட்டையே எல்லையாகக் கொண்ட மொழிகளும் உண்டு. ஸ்மால்டாக்கில் ஒரு ஆப்ஜெக்ட்டின் மாறிகளை அதே ஆப்ஜெக்ட்டின் மெத்தட்கள் மட்டுமே பெயர் சொல்லித் தொடலாம். மெத்தட்கள் எல்லாம் எல்லோருக்கும் திறந்தவை. ரூபி அந்த மரபில் வந்தது. அங்கே பிரைவேட் மெத்தடை வேறு ஆப்ஜெக்ட்டின் மேல் அழைக்க முடியாது. அதே கிளாஸைச் சேர்ந்த இன்னொரு ஆப்ஜெக்ட்டோடு ஒப்பிட வேண்டிய தேவைக்குத்தான் ரூபியின் புரொடெக்டட் இருக்கிறது. ஜாவாவிலிருந்து ரூபிக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு சொற்களின் பழைய பொருளை மறந்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

புரொடெக்டட் எப்போது போடலாம்?

புரொடெக்டட் என்றால் அந்தக் கிளாஸும் அதை விரித்து எழுதும் துணைக் கிளாஸ்களும் தொடலாம் என்று பொருள். மெத்தட்களுக்கு, துணைக் கிளாஸ்கள் நிரப்ப வேண்டிய இடம் என்று தெளிவாகச் சொல்லப் போடலாம். தரவுகளுக்கு வேண்டாம். துணைக் கிளாஸை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே அந்தத் தரவை மாற்றக்கூடிய வரிகளுக்கு எல்லை இல்லை. அளவுகோலின்படி அது பப்ளிக்கிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை.

சி பிளஸ் பிளஸின் வரலாறே இதற்குச் சாட்சி. மார்க் லிண்டன் என்பவர் கேட்டுக்கொண்டதால் புரொடெக்டட் தரவு மொழிக்குள் வந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, பிழைகளுக்கு ஊற்றாகிவிட்டது என்பதால் அதே லிண்டன் தம் இன்டர்வியூஸ் நூலகத்தில் அதைத் தடை செய்தார் என்று மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் பதிவு செய்திருக்கிறார். ஸ்விஃப்ட் மொழி புரொடெக்டட்டைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

ஜாவாவின் புரொடெக்டட் அதே பேக்கேஜில் இருக்கும் எல்லாக் கிளாஸ்களுக்கும் திறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தச் சொல்லும் போடாமல் விடுவதைவிட அது அகலமானது.

பைத்தானில் பிரைவேட்டே இல்லையாமே? அப்படியானால் பெரிய நிரல்களை எப்படி எழுதுகிறார்கள்?

மரபின் மேல் நின்று எழுதுகிறார்கள். பெயர் ஓர் அடிக்கோட்டில் தொடங்கினால் 'இது உள்வேலை, இதைச் சார்ந்திருக்காதீர்கள்' என்று பொருள். மொழி தடுக்காது; உடன் வேலை செய்பவர்களும் சோதனைக் கருவிகளும் சுட்டிக்காட்டுவார்கள். ஒழுங்கான குழுவில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டு அடிக்கோடுகளைப் பிரைவேட் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதன் நோக்கம் வேறு. கிளாஸுக்குள் அப்படி எழுதிய பெயரோடு பைத்தான் கிளாஸின் பெயரையும் சேர்த்துவிடுகிறது. துணைக் கிளாஸில் அதே பெயர் வந்தாலும் மோதாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இதில் ஒரு பொறி உண்டு: வெளியிலிருந்து அந்தப் பெயரைப் படித்தால் பிழை வரும், ஆனால் வெளியிலிருந்து மதிப்பு ஒதுக்கினால் பிழை வராது. புதிதாக இன்னொரு பண்பு சத்தமில்லாமல் உருவாகிவிடும், உள்ளே இருக்கும் பழைய மதிப்பு அப்படியே இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் பிரைவேட் என்று ஒரு சொல் போதாதா? எதற்கு அந்த # குறி?

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மாறிக்குள் எந்த வகை ஆப்ஜெக்ட் இருக்கிறது என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். சாதாரணப் பெயரையே பிரைவேட்டாக்கியிருந்தால், புள்ளி வைத்து எழுதும் ஒவ்வொரு அணுகலிலும் 'இது பிரைவேட்டா, கேட்பவர் உள்ளே இருப்பவரா' என்று சோதிக்க வேண்டியிருக்கும். # இருந்தால் எழுத்திலேயே பதில் தெரிந்துவிடுகிறது. மேலும், உள்ளே ஒரு பிரைவேட் பெயர் இருப்பதே வெளியே தெரிவதில்லை. துணைக் கிளாஸ் அதே பெயரில் பப்ளிக் பண்பு வைத்துக்கொள்ளலாம். பார்வைக்கு அழகில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். ஆனாலும் 2022 தரத்தில் சேர்ந்த இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

டைப்ஸ்கிரிப்டின் பிரைவேட் இதிலிருந்து வேறுபட்டது. அது கம்பைல் ஆகும்போது மட்டும் சோதிக்கப்படுகிறது, பிறகு அழிந்துவிடுகிறது. # ஓடும்போதும் நிற்கும். அதன் விலையும் உண்டு: ஆப்ஜெக்ட்டை ப்ராக்ஸியால் (அதற்கு முன்னால் நிற்கும் இடைத்தரகு ஆப்ஜெக்ட்டால்) சுற்றி அதன் மேல் மெத்தடை அழைத்தால், ப்ராக்ஸியிடம் அந்த # பண்பு இல்லை என்பதால் பிழை எழும்.

கோ மொழியில் பெரிய எழுத்தில் தொடங்கினால் பப்ளிக் என்கிறார்கள். தமிழில் பெயர் வைத்தால் என்ன ஆகும்?

நல்ல கேள்வி, வடிவமைப்பாளர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டிய கேள்வி. கோ மொழியில் யூனிகோடின் 'பெரிய எழுத்து' வகையில் தொடங்கும் பெயர் மட்டுமே பேக்கேஜுக்கு வெளியே தெரியும். தமிழ் எழுத்துகளில் பெரியது, சிறியது என்ற பேதம் கிடையாது. ஆகவே தமிழ் எழுத்தில் தொடங்கும் எந்தப் பெயரும் வெளியே போகாது. முன்னால் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒட்டுவதுதான் நடைமுறை வழி.

அதற்கு முன்பே இன்னொரு தடை வருகிறது. கோ மொழியின் பெயர்களில் எழுத்துகளும் இலக்கங்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' வகையில் சேராதவை. 'பல' என்று பெயர் வைக்கலாம். 'பெயர்' என்றோ 'நாள்' என்றோ வைக்க முடியாது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இந்தத் தடை இல்லை. அணுகல் விதியை எழுத்தின் வடிவத்தில் பொருத்தியது சுருக்கமான, அழகான தீர்வு என்று பாராட்டப்படுகிறது. பெரிய எழுத்து இல்லாத மொழிகளுக்கு அது கதவை மூடிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யூனிட் டெஸ்ட் எழுதப் பிரைவேட்டைப் பப்ளிக் ஆக்கலாமா?

வேண்டாம். கிளாஸின் வெளி முகத்தின் வழியாகவே சோதித்துப் பாருங்கள். அப்படிச் சோதிக்க முடியாத அளவுக்கு உள்ளே கணக்கு சிக்கலாக இருந்தால், அதைத் தனிக் கிளாஸாகப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. பல மொழிகள் நடுவழியும் தருகின்றன. ஜாவாவில் அணுகல் சொல் எதுவும் போடாமல் விட்டு, டெஸ்டை அதே பேக்கேஜில் வைக்கலாம். ரஸ்டில் ஒரு மாட்யூலுக்குள் இருக்கும் துணை மாட்யூல் தாய் மாட்யூலின் பிரைவேட்டைப் பார்க்கும். அதனால் டெஸ்டுகளை அங்கேயே எழுதுவது வழக்கம்.

பிரைவேட்டைப் பப்ளிக் ஆக்கினால் பழைய நிரல் எதுவும் உடையாது, சரிதானே?

பெரும்பாலும் சரி. எப்போதும் சரி என்று சொல்ல முடியாது. ஒரே பெயரில் இரண்டு மெத்தட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: முழு எண் வாங்குவது பிரைவேட், தசம எண் வாங்குவது பப்ளிக். வெளியிலிருந்து 1 என்று கொடுத்து அழைக்கிறீர்கள். சி ஷார்ப்பில் அணுக முடியாத மெத்தட் கணக்கிலேயே எடுக்கப்படாது. தசம மெத்தட் அழைக்கப்படும். பிரைவேட்டைப் பப்ளிக் ஆக்கி மறுபடி கம்பைல் செய்தால், அதே வரி இப்போது முழு எண் மெத்தடை அழைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

சி பிளஸ் பிளஸ் வேறு வழியைத் தேர்ந்தது. முதலில் எது பொருத்தமான மெத்தட் என்று முடிவு செய்யும், அதன் பிறகே அணுகலைச் சோதிக்கும். 1 என்று அழைத்தால் முழு எண் மெத்தட் தேர்வாகி, அது பிரைவேட் என்பதால் பிழை வரும். முதல் முறை பார்ப்பவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அணுகல் சொல்லை மாற்றுவதால் ஏற்கெனவே கம்பைல் ஆகும் ஓர் அழைப்பு வேறு மெத்தடுக்கு ஓசையின்றித் தாவாது என்ற உறுதியை அந்த வரிசை தருகிறது.

நானே ஒரு மொழியை வடிவமைத்தால் எல்லையை எங்கே வைக்க வேண்டும்?

கிளாஸைவிடச் சற்றுப் பெரிய அலகில் வையுங்கள் என்பேன். சேர்ந்தே மாறும் இரண்டு கிளாஸ்கள் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டிய தேவை அடிக்கடி வரும். அதற்காகத்தான் சி பிளஸ் பிளஸில் ஃபிரெண்ட் (குறிப்பிட்ட வேறு கிளாஸுக்குப் பிரைவேட்டைத் திறக்கும் சொல்) வந்தது. 2016-இல் ஸ்விஃப்ட் 3 பிரைவேட்டைக் கோப்பு அளவு, அறிவிப்பு அளவு என்று இரண்டாகப் பிரித்தது. அடுத்த ஆண்டே ஸ்விஃப்ட் 4, ஒரே கோப்பில் இருக்கும் நீட்சிகளுக்கு (ஒரு வகைக்குத் தனியே எழுதிச் சேர்க்கும் பகுதிகளுக்கு) பிரைவேட்டைத் திறந்துவிட்டது. ரஸ்டும் கோவும் மாட்யூல், பேக்கேஜ் அளவிலேயே நிறுத்திக்கொண்டு நன்றாக இயங்குகின்றன. ஒருவரோ ஒரு சிறு குழுவோ ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய அலகுதான் நல்ல எல்லை.

இயல்பு நிலையை மூடியதாகவே வையுங்கள். மூடியிருந்ததைப் பின்னர் திறப்பது, முந்தைய பதிலில் சொன்ன அரிய நிலையைத் தவிர, யாரையும் பாதிக்காது. திறந்திருந்ததை மூடினால் அதை நம்பிய எல்லோரின் நிரலும் உடையும். படிக்கும் உரிமையையும் எழுதும் உரிமையையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். நிலைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள்: சி ஷார்ப்பில் 'புரொடெக்டட் இன்டர்னல்', துணைக் கிளாஸாக இருப்பது, அதே தொகுப்பில் (அசெம்பிளியில்) இருப்பது ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் திறக்கும், 'பிரைவேட் புரொடெக்டட்' இரண்டும் பொருந்தினால்தான் திறக்கும். அனுபவம் உள்ளவர்களே இதை ஆவணத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.